திரினிடாட் 1950: பட்லர் அணி முந்தியது, பதவி பிறருக்குப் போனது

வாசகர் ஒருவர் எழுதியது: "திரினிடாடில் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும் வாக்குரிமை கிடைத்த நாளிலிருந்தே இனம் பார்த்துத்தான் வாக்களித்திருக்கிறார்கள். 1956இல் எரிக் வில்லியம்ஸ் வென்றது அதன் இயல்பான முடிவு. இதில் விவாதிப்பதற்கு என்ன இருக்கிறது?"

4 பிப்ரவரி, காலை

விவாதிப்பதற்கு 1950 இருக்கிறது. வில்லியம்ஸும் அவருடைய கட்சியும் ஆட்சிக்கு வந்த 1956இல் நின்றுகொண்டு பின்னால் திரும்பிப் பார்ப்பவர்களுக்கு அதற்கு முந்தைய தேர்தல்கள் எல்லாம் அதை நோக்கியே நடந்து வந்தவை போலத் தோன்றும். கரீபியத் தீவான திரினிடாட் ஆங்கிலேயக் காலனியாக இருந்தபோது 1950 செப்டம்பர் 18 அன்று நடந்த பொதுத்தேர்தலைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்தால் அந்தத் தோற்றம் நிலைக்காது.

அந்தத் தேர்தலில் சட்டசபையின் 18 இடங்களுக்கு 141 பேர் போட்டியிட்டார்கள். அவர்களில் 90 பேர் சுயேச்சைகள். அணி என்று சொல்லத்தக்கவற்றில் அதிக இடங்களைப் பிடித்தது டியூபல் யூரியா பட்லரின் அணி. பட்லர் கிரெனடாவில் பிறந்த கறுப்பினத்தவர், எண்ணெய் வயலில் குழாய் பொருத்தும் வேலை பார்த்து விபத்தில் கால் ஊனமானவர், கையில் பைபிளுடன் மேடையேறித் துதிப்பாடலோடு கூட்டத்தைத் தொடங்கும் போதகர். அவருடைய அணியில் நின்று வென்றவர்களில் பலர் தென் திரினிடாடின் கரும்புப் பகுதிகளைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர். சினானன் சகோதரர்களான மித்ராவும் ஆஷ்ஃபோர்டும், ஸ்டீபன் மராஜும் அவர்களில் அடங்குவர். இனம் பார்த்து மட்டுமே வாக்களிக்கும் ஒரு மக்கள் திரளிடமிருந்து இப்படி ஒரு முடிவு எப்படி வந்திருக்கும் என்பதே என் கேள்வி.

4 பிப்ரவரி, இரவு

பட்லர் அணிக்குக் கிடைத்த இடங்கள் எத்தனை என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சில நூல்கள் ஆறு என்றும் சில நூல்கள் ஏழு என்றும் கணக்கிடுகின்றன. தேர்தலுக்கு முன்பும் பின்பும் அணி மாறுவது அன்று மிக எளிது; ஒருவரே ஒரு கூட்டத்தில் சுயேச்சையாகவும் மறு கூட்டத்தில் பட்லரின் ஆளாகவும் பேசியிருக்க முடியும். எப்படி எண்ணினாலும் சபையின் மிகப்பெரிய அணி அதுதான். மற்ற கட்சிகளில் எதற்கும் இரண்டு இடங்களுக்கு மேல் கிடைக்கவில்லை. பட்லர் தாமும் செயின்ட் பேட்ரிக் மேற்குத் தொகுதியில் வென்றார். வாக்குப்பதிவு 70.1 விழுக்காடு. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்த முதல் தேர்தலான 1946இல் அது 52.9 விழுக்காடாகத்தான் இருந்தது. நான்கே ஆண்டுகளில் இவ்வளவு உயர்வு என்பது, மக்கள் இந்தச் சபையைத் தங்களுடையதாக நினைக்கத் தொடங்கியதைக் காட்டுகிறது.

6 பிப்ரவரி

பட்லரை ஏன் இந்தியத் தொழிலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு 1930களிலிருந்து தொடங்கினால்தான் விடை கிடைக்கும்.

1934இல் கரும்புத் தோட்டங்களில் வேலை குறைந்து கூலியும் குறைந்தபோது இந்தியத் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். மறு ஆண்டு பட்லர் எண்ணெய் வயல் தொழிலாளர்களைத் திரட்டிப் பட்டினி ஊர்வலம் நடத்தினார். 1937 ஜூன் 19 அன்று ஃபைசாபாதில் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த பட்லரைக் காவல்துறையினர் கைது செய்ய வந்தபோது மக்கள் தடுத்தார்கள். அவரைப் பிடிக்க முயன்ற சார்லி கிங் என்ற காவலர் எரித்துக் கொல்லப்பட்டார். வேலைநிறுத்தம் எண்ணெய் வயலிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கும் பரவித் தீவு முழுவதையும் உலுக்கியது. பட்லர் தலைமறைவாக இருந்த காலத்தில் எண்ணெய் வயல் தொழிலாளர் சங்கத்தையும் கரும்புத் தொழிலாளர் சங்கத்தையும் ஒரே நேரத்தில் கட்டி எழுப்பியவர் ஏட்ரியன் கோலா ரியன்சி. பிறப்பில் அவர் பெயர் கிருஷ்ண தேவநாராயண். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருந்த எண்ணெய்ச் சங்கத்துக்கு ஓர் இந்திய வழக்கறிஞர் தலைவர். இந்தியக் கரும்புத் தொழிலாளர்கள் தங்கள் வீரராகக் கொண்டாடியது ஒரு கறுப்பினப் போதகரை. ஆங்கிலேய அதிகாரிகளையும் தோட்ட முதலாளிகளையும் உண்மையில் கலங்கவைத்தது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பட்லர் மீண்டும் காவலில் வைக்கப்பட்டார். போர் முடியும்வரை வெளியே விடவில்லை. அவரை அடைத்து வைத்த இடங்களில் ஒன்று நெல்சன் தீவு. 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 1,44,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் திரினிடாடுக்குக் கொண்டுவரப்பட்டார்களே, அவர்களில் பெரும்பாலோர் கப்பலிலிருந்து இறங்கி மருத்துவச் சோதனைக்காகக் காத்துக் கிடந்ததும் அதே நெல்சன் தீவில்தான். கல்கத்தாவிலிருந்து வந்த போஜ்புரி பேசியவர்களே அவர்களில் பெரும்பகுதி. சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும் மிகச் சிறு பகுதி. அவர்களின் பேரப்பிள்ளைகள் 1950இல் வாக்களித்தார்கள்.

9 பிப்ரவரி

"ஆங்கிலம் தெரியாத தோட்டக் கூலிகளுக்கு வாக்குரிமை இருந்ததா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருந்தது, ஆனால் அது கிட்டத்தட்டப் பறிபோகும் நிலைக்கு வந்து தப்பிய உரிமை.

வாக்குரிமை பற்றிப் பரிந்துரைக்க 1941இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை தரலாம் என்று சொன்ன அந்தக் குழுவின் பெரும்பான்மை, கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தது: பேசும் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளக்கூடியவருக்கே வாக்கு. கேட்பதற்குச் சிறிய நிபந்தனையாகத் தெரியலாம். 1946 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திரினிடாடிலும் அதோடு சேர்ந்த டொபேகோ தீவிலும் வாழ்ந்த ஏறத்தாழ 5,58,000 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்திய வம்சாவளியினர். அவர்களில் வயது வந்தவர்களில் பாதிப் பேர் அளவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தோட்ட லயங்களில் பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதிக்காமல் வெட்டுக்கத்தி பிடித்த ஒரு தலைமுறையின் முன்னால் வாக்குச்சாவடி அலுவலர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டு, பதில் சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்க முடியும். சரியில்லை என்று தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும் அந்த அலுவலரின் கையில் இருந்திருக்கும்.

ரியன்சி இந்த நிபந்தனையை எதிர்த்துத் தனி அறிக்கை எழுதினார். இந்தியச் சங்கங்கள் ஊர் ஊராகக் கூட்டம் நடத்தின. கடைசியில் 1945இல் லண்டன் காலனி அமைச்சகம் அந்த நிபந்தனையை நீக்கியது. இதே அமைச்சகம் இலங்கைக்கு 1931இலேயே அனைவருக்கும் வாக்குரிமை தந்திருந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். திரினிடாடியர் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கூடுதலாகக் காத்திருந்தார்கள்.

மொழிச் சோதனையை ஆதரித்தவர்களில் முற்போக்காளர் என்று பெயர் பெற்ற கறுப்பின, கலப்பின நடுத்தர வகுப்பினர் சிலரும் இருந்தார்கள். இந்தியர்களின் மனத்தில் அந்தக் கசப்பு தங்கிவிட்டது. இனப் பிளவு எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள் 1956க்கு முன்னால் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

10 பிப்ரவரி

சிறு திருத்தம், முந்தைய பின்னூட்டம் ஒன்றுக்கு. பெண்கள் முதன்முதலில் வாக்களித்தது 1946இல் அல்ல, 1925இல். ஆனால் அன்று ஆண்களுக்கு 21 வயது போதும், பெண்களுக்கு 30 ஆக வேண்டும். இருவருக்கும் சொத்து அல்லது வருமானத் தகுதி வேண்டும். மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறு விழுக்காட்டினர்தான் அந்தப் பட்டியலில் இடம்பெற்றார்கள். 1946 இந்த வேறுபாடுகளை நீக்கியது.

15 பிப்ரவரி

நான் தென் திரினிடாடில் எண்ணெய்த் தொழில் சார்ந்த வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன். நூல்களில் படித்ததை விட்டுவிட்டு, அங்கே காதால் கேட்டதைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

சிபாரியாவில் ஒரு மூதாட்டி வீட்டுக்கு அடிக்கடி போவேன். அவருடைய கொள்ளுத்தாத்தா சென்னையிலிருந்து கப்பலேறியவர் என்ற செய்தி மட்டும் அந்தக் குடும்பத்தில் மிச்சமிருந்தது. தமிழில் சாமி பெயர்களைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தெரியாது. புனித வெள்ளியை ஒட்டிச் சிபாரியா கத்தோலிக்க ஆலயத்தின் கருநிற மாதாவை "சிபாரி மாய்" என்று வணங்க இந்துக்கள் திரண்டு வருவார்களே, அந்தக் கூட்டத்தில் எண்ணெயும் அரிசியும் கொண்டுபோய் வைப்பவர் அவர்.

1950 தேர்தலின்போது அவர் சிறுமி. அவருடைய அம்மா வாக்களிக்கப் போகும்போது கூடவே போயிருக்கிறார். அம்மா முதல் நாள் இரவு அடுப்புக்கரித் துண்டை எடுத்துச் சாணம் மெழுகிய தரையில் பெருக்கல் குறியை வரைந்து வரைந்து பழகினாராம். இரண்டு கோடுகளும் நடுவில் ஒன்றையொன்று வெட்ட வேண்டும், கட்டத்துக்கு வெளியே போகக்கூடாது என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாராம். கரும்பு வெட்டிக் காய்ப்பேறிய விரல்களுக்குள் கரித்துண்டு உடைந்துபோகும். அம்மா வேறொன்றை எடுத்துக்கொள்வார். மறுநாள் சாவடியிலிருந்து வெளியே வந்ததும், கோடுகள் சரியாக வெட்டின என்றுதான் முதலில் அப்பாவிடம் சொன்னாராம்.

யாருக்கு வாக்களித்தார் என்று கேட்டேன். "பட்லருக்குத்தான், வேறு யாருக்கு?" என்று அந்த மூதாட்டி சொன்ன விதத்தில், நான் ஏதோ கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டதுபோல் இருந்தது. பட்லர் கறுப்பினத்தவர் என்பது அவருடைய பேச்சில் ஒரு முறைகூட வரவில்லை. எண்ணெய் வயல் கம்பெனியும் கரும்புக் கம்பெனியும் ஒருவரையொருவர் பார்த்துக் கூலியைக் குறைத்தன, பட்லர் இரண்டையும் எதிர்த்தார் என்பதையே அவர் தம் சொற்களில் பலமுறை சொன்னார்.

16 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர் நியாயமான எதிர்வாதம் ஒன்றை வைத்திருக்கிறார். ஒரு குடும்பத்தின் நினைவு முழுத் தீவின் சான்றாகாது என்கிறார். மேலும், பட்லர் அணியில் இந்தியர்கள் வென்ற தொகுதிகளில் வேட்பாளரும் இந்தியராகவே இருந்தார். அங்கே வாக்காளர்கள் பட்லருக்கு வாக்களித்தார்களா, தங்கள் ஊர்ப் பெரிய மனிதருக்கு வாக்களித்தார்களா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது என்று கேட்கிறார்.

இதை ஒதுக்கித் தள்ள முடியாது. 141 வேட்பாளர்களில் 90 பேர் சுயேச்சைகள் என்று நானே முதல் குறிப்பில் எழுதினேன். ஆளைப் பார்த்து வாக்களிக்கும் தேர்தல் அது. வழக்கறிஞர், கடைக்காரர், லாரி வைத்திருப்பவர், பண்டிதர் எனத் தொகுதியில் செல்வாக்குள்ளவர்கள் தங்கள் பணத்தில் தேர்தலைச் சந்தித்தார்கள். பட்லர் பெயர் அவர்களுக்குத் தொழிலாளர் வாக்கைக் கொண்டுவந்தது. அவர்களின் செல்வாக்கு பட்லருக்கு இடங்களைக் கொண்டுவந்தது. இப்படிப் பார்த்தால் இது வர்க்க ஒற்றுமை என்பதைவிட இரு தரப்புக்கும் பயன்பட்ட ஓர் உடன்பாடு என்றும் சொல்லலாம்.

ஆகவே என் வாதத்தைக் கூர்மையாக்கிச் சொல்கிறேன். 1950இல் இன உணர்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. இன உணர்வும் கட்சியும் அன்று ஒன்றோடொன்று பிணையவில்லை என்கிறேன். இந்தியர் ஒருவர் பட்லரோடு நிற்கலாம், பட்லரின் போட்டியாளரான ஆல்பர்ட் கோம்ஸோடு நிற்கலாம், தனியாகவும் நிற்கலாம். எதுவும் துரோகமாகக் கருதப்படவில்லை. 1956இல் வில்லியம்ஸுக்கு எதிரே நின்ற பதேஸ் சாகன் மராஜ் அந்த ஆண்டு டுனபுனாவில் சுயேச்சையாகத்தான் வென்றார். கலிப்ஸோ பாடகர் அட்டிலா என்ற ரேமண்ட் க்வெவெடோகூட அந்தச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்த நெகிழ்ச்சி ஆறே ஆண்டுகளில் போய்விட்டது. ஏன் போனது என்பதே கேட்க வேண்டியது.

22 பிப்ரவரி

என் பார்வையில் முதல் காரணம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பலரும் விரைவாகக் கடந்துபோகும் பகுதி என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1950 அரசியல் சட்டத்தின்படி சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 18 பேர், ஆளுநர் நியமித்தவர்கள் 5 பேர், பதவிவழி அதிகாரிகள் 3 பேர். ஆட்சி நடத்தும் நிர்வாக சபையில் ஆளுநர் தலைவர். அவரோடு மூன்று அதிகாரிகள், ஒரு நியமன உறுப்பினர், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலிருந்து ஐந்து பேர். இந்த ஐந்து பேரைத் தேர்வு செய்வது மக்களும் அல்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட 18 பேர் மட்டுமே கூடியும் அல்ல. நியமன உறுப்பினர்களும் அதிகாரிகளும் உட்பட முழுச் சட்டசபையும் வாக்களித்துத் தேர்வு செய்தது. ஆக, மக்களிடம் ஒரு வாக்கும் கேட்காத எட்டுப் பேருக்கு, யார் அமைச்சராவது என்பதில் பட்லர் அணி முழுவதற்கும் இருந்ததைவிடக் கூடுதலான பலம் இருந்தது.

ஐந்து இடங்களில் ஒன்றுகூடப் பட்லர் அணிக்குக் கிடைக்கவில்லை. ஆல்பர்ட் கோம்ஸ், ராய் ஜோசப், விக்டர் பிரயன், நார்மன் டாங், அஜோதாசிங் ஆகியோர் தேர்வானார்கள். தொழிலாளர், வணிகம், தொழில் ஆகிய இலாகாக்கள் கோம்ஸிடம் சென்றன. அடுத்த ஆறு ஆண்டுகள் நடைமுறையில் அவரே முதலமைச்சர்போல இருந்தார். 1946இல் போர்ட் ஆஃப் ஸ்பெயின் வடக்கில் பட்லரை நேருக்கு நேர் நின்று தோற்கடித்தவர் இவர். அன்றைய ஆளுநர் சர் ஹியூபர்ட் ரான்ஸ், பர்மாவின் கடைசி ஆங்கிலேய ஆளுநராக இருந்துவிட்டு வந்தவர். அதிகாரம் எப்படிக் கைமாறும் என்பதை மிக அருகில் பார்த்தவர்.

இதை எதிர்த்து ஒரு கணக்கும் சொல்லலாம்: பட்லருக்கு 18இல் ஆறோ ஏழோதானே, பெரும்பான்மை இல்லையே? உண்மைதான். தனியே ஆட்சி அமைக்கும் உரிமை அவருக்கு இருந்தது என்று நான் வாதிடவில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெற்ற அணிக்கு ஐந்தில் ஒரு இடம்கூட இல்லை என்பது தற்செயலாக நடப்பதல்ல. அப்படி வெளியே நிறுத்தப்பட்ட அணி எதிர்க்கட்சியாகக்கூட உறுதியாக நிற்க முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சட்டத்தில் கட்சிகளுக்கே இடமில்லை. ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதிச் சாலைக்கும் குடிநீருக்கும் அமைச்சர் ஐவரில் ஒருவரைத் தனித்தனியே அணுக வேண்டியிருந்தது. பட்லரோடு நின்றால் எதுவும் கிடைக்காது என்பதை அவருடைய ஆட்கள் சில மாதங்களிலேயே புரிந்துகொண்டிருப்பார்கள்.

இந்தச் சட்டத்தின் வரைவை எதிர்த்துச் சட்டசபை உறுப்பினர் பேட்ரிக் சாலமன் சிறுபான்மை அறிக்கை எழுதியிருந்தார். மக்களுக்குப் பொறுப்பான முழு ஆட்சி வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அதை ஏற்றிருந்தால் 1950இல் அணிகள் ஒன்றோடொன்று பேசிக் கூட்டணி அமைத்திருக்க வேண்டிய கட்டாயம் வந்திருக்கும்.

23 பிப்ரவரி

ஒருவர் "இந்தியர்களை ஒதுக்கிவைத்தார்கள்" என்று எழுதியிருக்கிறார். இல்லை. அந்த ஐவரில் அஜோதாசிங் இந்திய வம்சாவளியினர், டாங் சீன வம்சாவளியினர், கோம்ஸ் போர்த்துக்கீசிய வம்சாவளியினர். இன அளவில் அது கலவையான நிர்வாக சபைதான். ஒதுக்கப்பட்டது ஓர் இனம் அல்ல; எண்ணெய் வயலும் கரும்புத் தோட்டமும் சேர்ந்த ஓர் அணி. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் முழுக் கதையும் தடம் மாறிவிடும்.

2 மார்ச்

பட்லரின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அவர்மீது எனக்குள்ள மதிப்பு அதற்குத் தடையாகக் கூடாது.

அவர் கட்சி கட்டவில்லை. கிளைகள் இல்லை, உறுப்பினர் பட்டியல் இல்லை, அவர் இல்லாதபோது முடிவெடுக்கும் குழு இல்லை. அணியின் பெயரே "பிரிட்டிஷ் பேரரசுத் தொழிலாளர், விவசாயிகள், வரிசெலுத்துவோர் சங்கம்" என்று பேரரசையும் தொழிலாளரையும் ஒரே மூச்சில் சொல்வது. மன்னரிடம் நேரே முறையிட்டால் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்குக் கடைசிவரை இருந்தது. தாமே தலைமைத் தொழிலாளி, தாமே இறைவனின் ஊழியன் என்று பேசியவரோடு வழக்கறிஞர்கள் எத்தனை நாள் ஒத்துப்போவார்கள்? அவர் விதையிட்ட எண்ணெய்ச் சங்கமே 1939இல் அவரை வெளியேற்றியிருந்தது. 1947 ஜனவரியில் அவருடைய ஆதரவாளர்கள் ரெட் ஹவுஸ் அரசு மாளிகைக்குள் புகுந்தபோது நடுத்தர வகுப்பினர் அவரிடமிருந்து மேலும் விலகினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைய திரினிடாடில் யாருமே நிலைத்த கட்சி கட்டவில்லை. 1946இல் நடுத்தர வகுப்பு அறிவாளிகள் கூடி அமைத்த ஐக்கிய முன்னணியும் அடுத்த தேர்தலுக்குள் கலைந்துவிட்டது. அதே 1946இல் பட்லர் அணிக்குக் கிடைத்த மூன்று இடங்களில் செயின்ட் ஜார்ஜில் சங்கா மராஜும் டொபேகோவில் ஏ. பி. டி. ஜேம்ஸும் இருந்தார்கள், ஒருவர் இந்தியர், மற்றவர் டொபேகோவின் கறுப்பினத்தவர். அமைப்பே இல்லாமல் அவ்வளவு பரந்த நிலப்பரப்பைத் தொட்ட வேறொரு தலைவர் அந்தக் காலத்தில் இல்லை.

8 மார்ச்

இனி 1956.

ஐந்தாண்டுக் காலம் முடிந்து 1955இல் தேர்தல் வந்திருக்க வேண்டும். அரசியல் சட்டத் திருத்தத்தைக் காரணம் காட்டிச் சபை தன் ஆயுளை ஓராண்டு நீட்டித்துக்கொண்டது. அந்த ஓராண்டில்தான் எல்லாம் மாறியது. 1955 ஜூனில் கரீபியன் ஆணையத்தின் பதவியிலிருந்து விலக்கப்பட்ட எரிக் வில்லியம்ஸ், ரெட் ஹவுஸுக்கு எதிரே உள்ள வுட்ஃபோர்ட் சதுக்கத்தில் வரலாறும் அரசியல் சட்டமும் பற்றி உரையாற்றத் தொடங்கினார். 1956 ஜனவரியில் மக்கள் தேசிய இயக்கம் என்ற கட்சியைத் தொடங்கினார். பலிசியே என்ற செந்நிறக் காட்டுப்பூ அதன் சின்னம். தேர்தல் 1955இலேயே நடந்திருந்தால் அந்தக் கட்சி வாக்குச்சீட்டில் இருந்திருக்காது. பதவியில் இருந்தவர்கள் தங்களுக்காக நீட்டிக்கொண்ட ஓராண்டு, எதிராளிக்குக் கட்சி கட்டும் காலமாக அமைந்தது.

வில்லியம்ஸ் கட்டியது உண்மையான கட்சி: கொள்கை அறிக்கை, கிளைகள், ஒழுங்கு, 24 தொகுதிகளிலும் வேட்பாளர்கள். அதற்கு எதிரே நின்ற மக்கள் ஜனநாயகக் கட்சியின் தலைவர் பதேஸ் மராஜ். 1952 முதல் இந்து அமைப்பான சனாதன தர்ம மகாசபையின் தலைவரும் அவரே. தோட்டப் பகுதிகளில் இந்துப் பள்ளிகள் பலவற்றைத் திறந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கையில் முதன்முதலாகப் புத்தகம் கொடுத்தவர். அந்தத் தொண்டை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அவருடைய கட்சி 14 தொகுதிகளில் மட்டுமே போட்டியிட்டது. மகாசபையும் கட்சியும் ஒன்றே என்ற பேச்சை வில்லியம்ஸ் மேடைக்கு மேடை எடுத்துச் சென்றார். தாங்கள் குறிவைக்கப்படுவதாக உணர்ந்த இந்துக்கள் ஒன்றோடொன்று நெருங்கினார்கள். இந்திய முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரு பகுதி வில்லியம்ஸ் பக்கம் போனார்கள்.

செப்டம்பர் 24 அன்று வாக்குப்பதிவு 80.1 விழுக்காடு. மக்கள் தேசிய இயக்கம் 13, மக்கள் ஜனநாயகக் கட்சி 5, பட்லர் அணி 2, தொழிற்கட்சி அணி 2, சுயேச்சைகள் 2. கோம்ஸ் தன் சொந்தத் தொகுதியான போர்ட் ஆஃப் ஸ்பெயின் வடக்கில் தோற்றார். வென்ற கட்சி பெற்ற வாக்கு நாற்பது விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. இதை எப்போதும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; பத்தில் ஆறு பேர் வேறு யாருக்கோ வாக்களித்த தேர்தல் அது.

9 மார்ச்

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது, என் வாதத்துக்கு மிகவும் வேண்டியது.

1956 சபையில் மொத்தம் 31 பேர்: 24 தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 5 நியமன உறுப்பினர்கள், 2 அதிகாரிகள். 13 இடங்கள் சபையில் பெரும்பான்மை ஆகாது. வில்லியம்ஸ் ஆளுநர் எட்வர்ட் பீத்தமிடம், நியமன உறுப்பினர்களில் தம் கட்சிக்கு இணக்கமானவர்களைச் சேர்க்க வேண்டும், அதிகாரிகளும் தம் அரசை ஆதரிக்க வேண்டும் என்று கேட்டார். லண்டனில் காலனி அமைச்சர் ஆலன் லெனாக்ஸ்-பாய்ட் அதற்கு இசைந்தார். வில்லியம்ஸ் முதலமைச்சரானார்.

நியமன உறுப்பினர் முறை 1950இல் மிகப்பெரிய அணியை வெளியே நிறுத்த உதவியது. 1956இல் மிகப்பெரிய கட்சியை உள்ளே கொண்டுவர உதவியது. லண்டன் 1956இல் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன். கட்சி ஆட்சி வேரூன்ற அது தேவைப்பட்டது. ஆனால் அந்தச் சலுகை பட்டம் பெற்ற வரலாற்றறிஞருக்குக் கிடைத்தது, குழாய் பொருத்துபவருக்கு மறுக்கப்பட்டது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

11 மார்ச்

"பிறகு எல்லாம் வில்லியம்ஸ் பேச்சால் கெட்டது" என்று எழுதியவருக்கு: 1958 மார்ச் 25 அன்று ஆங்கிலேயக் கரீபியத் தீவுகள் சேர்ந்து அமைத்த மேற்கிந்தியக் கூட்டாட்சிக்கு நடந்த தேர்தலில் திரினிடாடின் 10 இடங்களில், வில்லியம்ஸின் எதிர்ப்பாளர்கள் சேர்ந்து அமைத்த ஜனநாயகத் தொழிற்கட்சி 6, வில்லியம்ஸ் தரப்பு 4 பெற்றன. ஏப்ரல் 1 அன்று வுட்ஃபோர்ட் சதுக்கத்தில் அவர் இந்திய வாக்காளர்களைப் பிடிவாதமும் பகைமையும் கொண்ட சிறுபான்மை என்று சாடினார். அந்தச் சொற்கள் ஆழமான காயத்தை உண்டாக்கின. தென் திரினிடாடில் முதியவர்கள் அவற்றை ஆங்கிலத்திலேயே ஒப்பிப்பதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் பிளவு அன்று தொடங்கவில்லை. மொழிச் சோதனை, 1950இல் குலைக்கப்பட்ட தொழிலாளர் அணி, 1956இன் மதப் பிரச்சாரம் ஆகியவை ஏற்கெனவே பாதை போட்டிருந்தன.

14 மார்ச்

பட்லரின் ஆட்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று மூன்று பேர் கேட்டிருப்பதால் இது.

ஆஷ்ஃபோர்ட் சினானன் பதேஸ் மராஜோடு சேர்ந்து, பின்னர் ஜனநாயகத் தொழிற்கட்சி சார்பில் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவரானார். 1956இல் பட்லரோடு வென்ற மற்றவர் ஸ்டீபன் மராஜ். அவரும் பிறகு ஜனநாயகத் தொழிற்கட்சிக்குப் போனார். அங்கிருந்து விலகி 1965இல் எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸுடன் சேர்ந்து தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தொடங்கினார். எண்ணெயையும் கரும்பையும் மீண்டும் ஒரே அணியில் நிறுத்தும் முயற்சி அது. 1966 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. பட்லர் 1961க்குப் பிறகு சபைக்குத் திரும்பவே இல்லை. 1973இல் ஜூன் 19 தொழிலாளர் தினமாக அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து அவர் மறைந்தார்.